குழித்துறையில் ஜூனியராக இருக்கும் தங்கச்சிக்கு: ஊரிலேயே இருக்கலாமா, மதுரைக்குப் போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கருங்கல் பக்கத்துப் பெண். வக்கீலாகப் பதிவு செய்து பதினான்கு மாதம் ஆகிறது, குழித்துறையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்விடலாமா, ஊரிலேயே இருப்பதென்றால் முதலில் எதைக் கற்பது, கட்சிக்காரரிடம் பீஸ் எப்படிக் கேட்பது என்று மூன்று கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "போன வாரம் ஒரு பெரியவர் தாத்தா காலத்து மலையாள ஆதாரம் மூன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சீனியர் ஊரில் இல்லை. அதைத் திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது அக்கா."

தங்கச்சி, அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். (ஆதாரம் என்றால் நம் பக்கத்தில் சொத்துப் பத்திரம்.) மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்த மூன்று ஆதாரத்துக்குள்தான் இருக்கிறது.

நான் 2001-ல் பதிவு செய்தேன். பத்மநாபபுரம் கோர்ட்டில்தான் பெரும்பாலும் பிராக்டிஸ். இத்தனை வருடத்தில் நான் கண்டது இது: நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிவில் வழக்குகளில் பாதி, சட்டப்பிரிவு தெரியாததால் தோற்பதில்லை. காகிதத்தை முழுசாகப் படிக்காததால் தோற்கின்றன. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. நிலத்தின் வேர் அங்கே இருக்கிறது. திருநெல்வேலியிலோ மதுரையிலோ நன்றாக வேலை படித்துவிட்டு வந்த வக்கீல்கூட இங்கே ஒரு பழைய ஆதாரத்தின் முன்னால் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எழுத்து மலையாளம், தேதி கொல்லம் ஆண்டு என்ற மலையாளக் கணக்கில், சர்வே நம்பர் பழையது, அளவு பறைக் கணக்கில். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் தமிழ் ஆதாரம் நிறையக் கிடைக்கும், ஆனால் அங்கேயும் வயலின் அளவு கோட்டை, மரக்கால் விதைப்பாடு என்று, அதாவது எவ்வளவு விதை விதைக்கலாம் என்ற கணக்கில், இருக்கும்.

கொல்லம் ஆண்டைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். 2003-ல் ஒரு பிராது, அதாவது வாதியின் வழக்கு மனு, நான் டிராஃப்ட் செய்தது. எங்கள் கட்சிக்காரரின் ஆதாரம் 1106 கும்பம். அவருக்கு விற்றவர் வாங்கிய ஆதாரம் அதற்கு முந்தின மாதம், 1106 மகரம். விற்றவருடைய ஆதாரத்துக்கு யாரோ பென்சிலில் 1931 என்று எழுதியிருந்தார்கள், அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆதாரத்துக்கு 824-ஐக் கூட்டி 1930 என்று நானே போட்டேன். சீனியர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். விசாரணை வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் சாட்சியை எழுந்து கேட்டார்: "1931-ல் வாங்கியவர் 1930-ல் எப்படி உங்கள் தகப்பனாருக்கு விற்றார்?" சாட்சிக்கூண்டில் நின்ற அந்த எழுபது வயதுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஆதாரம் சரி, அனுபவம் சரி, பிராது மட்டும் தப்பு. திருத்த மனு, அதற்கு ஆட்சேபணை, செலவுத்தொகை என்று எட்டு மாதம் போயிற்று. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கணக்கு இதுதான். கொல்லம் ஆண்டு சிங்ஙம் மாதம், அதாவது ஆகஸ்ட் நடுவில், பிறக்கும். சிங்ஙத்திலிருந்து டிசம்பர் 31 வரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1-லிருந்து கர்க்கடகம் முடியும் வரை 825. ஆகவே 1106 கும்பம் என்றால் 1931. கவனம் வேண்டியது தனு மாதத்தில். டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிற மாதம் அது, இங்கிலீஷ் ஆண்டு அதன் வயிற்றுக்குள் மாறும். 1106 தனு 10 என்றால் 1930 டிசம்பர் கடைசி, தனு 20 என்றால் 1931 ஜனவரி. இந்த நாலு வரியை ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் மலையாள எழுத்து. உங்கள் வீட்டில் பாட்டி பேசுவார், உங்களுக்கும் காதில் புரியும், ஆனால் வாசிக்க வராது. விளவங்கோட்டுப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அச்சு மலையாளம் வந்துவிடும். ஆனால் ஆதாரம் பழைய லிபியில் இருக்கும். கேரளத்தில் 1971-ல் எழுத்தைச் சீர்திருத்தினார்கள். அதற்கு முன்னால் கூட்டெழுத்துகள் வேறு வடிவம். அதைப் படிக்க ஒரே வழி, வயதான ஆதார எழுத்தர் ஒருவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருவது. இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் காலம் முடிவதற்குள் கற்றுக்கொள்ளுங்கள் என்று மனசு பதறித்தான் சொல்கிறேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்புதான் தாக்கல் ஆகும். ஆனால் மொழிபெயர்ப்பில் ஒரு எல்லை மாறிப்போயிருந்தால் அதைக் கண்டுபிடிக்க மூலத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமே. அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும்.

சொற்களும் அப்படியே. புரையிடம் என்றால் வீடிருக்கிற மனையும் தோட்டமும் சேர்ந்தது. நிலம் என்று எழுதியிருந்தால் அது வயல், வெறும் இடம் என்று அர்த்தம் பண்ணக்கூடாது. இஷ்டதானம் (தானம்), தனநிச்சயம் (செட்டில்மென்ட்) என்று தலைப்பு இருந்தால் கிரயம் இல்லை. ஒற்றி, அதாவது அடமானம், என்று பார்த்தால் உடனே நில்லுங்கள். அனுபவத்தோடு கொடுத்த ஒற்றியில், எழுதிய தேதியிலிருந்து 30 வருடம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் மீட்கும் உரிமை போய்விடாது என்று சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ரொம்பப் பழசு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று யாரோ சொல்லித் திருப்பி அனுப்பிய குடும்பங்கள் இன்னும் இந்த ஊரில் உண்டு. ஸ்ரீபண்டாரவகை என்று வந்தால் அது பத்மநாபசுவாமி கோயில் வகை நிலம், அதற்கென்றே 1964-ல் தனி ஒழிப்புச் சட்டம் வந்தது, அதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஆதாரத்தில் இருக்கிற குடும்பம் எந்த வழி என்று கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். சொத்து தாய் வழியில் இறங்குகிற மருமக்கத்தாயமா, தகப்பன் வழியில் இறங்குகிற மக்கத்தாயமா? திருவிதாங்கூரில் நாயர் சட்டமும் ஈழவர் சட்டமும் கொல்லம் 1100-ல் வந்தன, நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1101-ல். பாகம் எப்படிப் பிரியும் என்பது இதைப் பொறுத்தது. இங்கே இளம் வக்கீல்கள் அடிக்கடி சறுக்குவது ஒன்று உண்டு. இணையத்தில் தேடினால் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் கொட்டும். கேரளத்தில் 1976 டிசம்பரிலிருந்து இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். அந்தச் சட்டம் நமக்குக் கிடையாது. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் சரியான பதில், இந்தப் பக்கம் தப்பாகிவிடும். தீர்ப்பை எடுத்தால் அது எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறது என்று முதல் நாலு பத்தியைப் படித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சொத்துக்காரர் எந்த வருடம் இறந்தார். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம் கொல்லம் 1092-ல் வந்தது. உயில் எழுதாமல் அப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் போய் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிற இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது என்றது. அதற்கு முன் இறந்தவர் என்றாலும் பழைய சட்டத்தை நேராக வைத்து முடிவு சொல்லிவிடாதீர்கள், அதிலேயே சில பிரிவினருக்கு விலக்கு இருக்கிறது. சட்டம் தெளிவாகி நாற்பது வருடம் ஆகிறது. "எனக்கு ஸ்திரீதனம் தந்தாச்சு, பங்கு கிடையாதுன்னு சொல்றாங்க" என்று அழுதுகொண்டு வருகிற அக்காமார்கள் இன்னும் குறையவில்லை. இந்துக் குடும்பத்திலும் இதே கதைதான். மகளுக்கும் சம பங்கு என்ற 2005 திருத்தத்துக்கும், 2020-ல் வினீதா சர்மா வழக்குத் தீர்ப்புக்கும் பிறகும் அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்தை எழுதிவைத்துக்கொண்டு தங்கையைக் கையெழுத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இப்படி வருகிறவர்களுக்கு நீங்கள் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழியுங்கள். பெண் வக்கீலிடம் சொல்வது பலருக்கும் எளிதாக இருக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி, மதுரையா ஊரா. மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ல் தொடங்கியது. நான் ஜூனியராக இருந்த முதல் மூன்று வருடம் ஒரு மேல்முறையீட்டுக்கு எழுநூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குக் கட்டு அனுப்பினோம். இப்போது நாகர்கோவிலிலிருந்து ரயிலேறினால் அரை நாளில் மதுரை, பல நேரம் காணொலியிலேயே ஆஜராகலாம். ஆகவே மதுரை எங்கும் ஓடிப்போகாது. என் அபிப்பிராயம், ஐந்து வருடம் விசாரணைக் கோர்ட்டில் இருந்துவிட்டுப் போங்கள். சாட்சியை நேருக்கு நேர் பார்த்துக் கிராஸ் (குறுக்கு விசாரணை) பண்ணாதவருக்கு, மேல்முறையீட்டில் அந்தச் சாட்சியத்தின் பக்கங்கள் பேசாது. இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ரிட், சர்வீஸ் (அரசு ஊழியர் வழக்கு) விஷயத்தில் ஆசை இருந்தால் இப்போதே போவது நல்லது. உங்கள் கேள்வியில் அந்த ஆசை தெரியவில்லை, சம்பளக் கவலைதான் தெரிகிறது.

அந்தக் கவலை நியாயமானது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் சொன்னது. அதே வருடம் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. பல ஆபீசில் இது இன்னும் கைக்கு வரவில்லை என்பதை நானும் அறிவேன். சீனியர்கள் இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளட்டும்: பஸ் கூலிக்கு வீட்டில் கை நீட்டுகிற பிள்ளையிடம் நாம் நேர்மையை எதிர்பார்க்கிறோம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு எதிர்பார்ப்போம். தங்கச்சி, நீங்கள் சண்டை போட வேண்டாம். ஆனால் வாய் திறந்து ஒரு முறை கேளுங்கள். இன்னொன்று, அகில இந்தியப் பார் தேர்வு எழுதிவிட்டீர்களா? பதிவு செய்த இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும். பதினான்கு மாதம் என்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சொந்தமாக நாலு காசு வருகிற முதல் வழி கமிஷனர் வேலை, அதாவது கோர்ட் அனுப்பி வழக்கு இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுப்பது. நம் ஊரில் அஞ்சு சென்டும் பத்து சென்டுமாகப் பிரிந்து கிடக்கிற விளைகளில் (தோட்ட நிலங்களில்) வழக்கென்றால் வழிப்பாதை, கையாலை (எல்லைச் சுவர்), கிணற்றுத் தண்ணீர். ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டுக் கமிஷனரை அனுப்பச் சொல்வார்கள். புதிய வக்கீல்களுக்கு நீதிபதிகள் தருவார்கள். இதைக் கூலி வேலையாக நினைத்தால் போச்சு. நான் வழக்கு நடத்தக் கற்றது கோர்ட்டுக்குள் என்பதைவிட இந்த விளைகளில்தான் என்று சொல்வேன்.

இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொண்டுதான் போக வேண்டும். ஒரு தரப்பின் காரில் ஏறாதீர்கள், மழையாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே ஒரு வீட்டில் சாயா குடித்தால் மற்ற வீட்டுக்காரர் அதை ஆட்சேபணை மனுவில் எழுதுவார், எனக்கு எழுதினார்கள். தண்ணீர்க் குப்பியைக் கையோடு கொண்டு போங்கள். வழிப்பாதை என்றால் அதன் அகலத்தைத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்திலாவது அளக்க வேண்டும். மண் நடந்து நடந்து இறுகியிருக்கிறதா, புல் முளைத்திருக்கிறதா, ஓரத்தில் கையாலை இருந்தால் பாசி பிடித்திருக்கிறதா அல்லது போன மாதம் கட்டின கல்லா, எல்லையில் நிற்கிற அயனி மரத்துக்கும் தென்னைக்கும் ஏறக்குறைய எத்தனை வயது, இதெல்லாம் குறிப்பில் வர வேண்டும். ஆனால் "இந்த வழி வாதிக்குச் சொந்தமானது" என்று ஒரு வரி எழுதிவிடாதீர்கள். கண்டதை எழுதுவதுதான் கமிஷனர் வேலை, தீர்ப்பு எழுதுவது அவர் வேலை இல்லை. சர்வேயர் பழைய சர்வே நம்பரையும் ரீசர்வே நம்பரையும் பொருத்திக் காட்டாமல் அளந்தால், பொருத்திக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ரீசர்வேயில் அளவு ஏர்ஸில் இருக்கும். ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட். ஆதாரத்தில் உள்ள சென்ட்டோடு ஒத்துப்பார்த்து, வித்தியாசம் இருந்தால் வித்தியாசம் என்றே எழுதுங்கள். கிள்ளியூர், திருவட்டாறு தாலுகாக்கள் தனியாகப் பிரிந்த பிறகு பழைய பதிவேடு எந்த ஆபீசில் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது, ஒரு நாள் மிச்சமாகும்.

பெண் என்பதால் ஒரு வார்த்தை. தனியாகப் போகாதீர்கள். குமாஸ்தாவையோ இன்னொரு ஜூனியரையோ கூட்டிக்கொண்டு, எங்கே போகிறேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டுப் போங்கள். சத்தம் போடுகிறவர்கள் இருப்பார்கள். சத்தம் கூடினால் அளப்பதை நிறுத்தி, நடந்ததை அப்படியே எழுதிக் கோர்ட்டில் கொடுத்துப் போலீஸ் பாதுகாப்பு கேட்கலாம். அது தோல்வி இல்லை. "ஆம்பள வக்கீல் இல்லையா?" என்று கேட்கிற கட்சிக்காரரும் வருவார். பதில் சொல்ல வேண்டாம். அவர் கொண்டு வந்த கட்டைப் பிரித்து, அவருக்கே தெரியாத ஒரு விஷயத்தை அதிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு அவர் உங்களைத்தான் தேடுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

பீஸ் விஷயம். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும், எழுதியும் கொடுக்க வேண்டும். கோர்ட் பீஸ் தனி, வக்கீல் பீஸ் தனி, கமிஷனர் பேட்டா, நகல், மொழிபெயர்ப்பு எல்லாம் தனி என்று பிரித்துக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2017-லிருந்து சொத்து வழக்குகளுக்கான கோர்ட் பீஸ் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. பழைய கணக்கைச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது வெட்கமாக இருக்கிறது. லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும், அதைக் கட்சிக்காரருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. கட்சிக்காரர் பணம் உங்கள் பணத்தோடு கலக்கக்கூடாது.

விபத்து வழக்கில் மட்டும் என் பேச்சைக் கண்டிப்பாகக் கேளுங்கள். மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் அந்தச் சாலையில் எத்தனை குடும்பம் ஆளை இழந்திருக்கிறது. "கிடைக்கிறதில் இத்தனை சதவீதம்" என்று பேசி வாங்குகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. சதவீதக் கணக்கில் பீஸ் கேட்பது பொதுக்கொள்கைக்கு விரோதம் என்று பி. சுனிதா வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதி இருக்கட்டும். புருஷன் செத்த பணத்தில் பங்கு கேட்க எப்படி மனசு வருகிறது? உழைப்புக்கு ஒரு தொகை பேசுங்கள், அது நியாயமான தொகையாகவே இருக்கட்டும், குறைக்கவும் வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்த வழக்குகளை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அந்த வரம்பு எவ்வளவு கண்டிப்பானது என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். உங்கள் கட்சிக்காரர் அந்த வாதத்துக்குள் மாட்டாமல் இருக்க வேண்டும்.

நாள் கணக்கு என்று வந்ததால் மற்றதையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செக் திரும்பினால் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் காத்திருப்பு, அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். ஒரு தரப்பு ஆஜராகாமல் வந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய 30 நாள். முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் சப் கோர்ட்டுக்கு அப்பீல் 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள், நகலுக்கு ஆன நாள் கழியும். என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே போடுகிற கேவியட் மனு 90 நாள்தான் உயிரோடு இருக்கும். கிரிமினலில் 2024 ஜூலை 1 முதல் புதிய மூன்று சட்டங்கள். அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே. குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாளில் வராவிட்டால் கிடைக்கிற ஜாமீன் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சுரக்ஷா சன்ஹிதா 187-ல் இருக்கிறது. ரிமாண்ட் ஆன தேதியை டைரியில் சிவப்பு மையில் எழுதுங்கள். வாட்ஸாப் செய்தி, சிசிடிவி பதிவு தாக்கல் செய்தால் புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியம் 63-ன்படி இரண்டு பகுதியாக உள்ள சான்று வேண்டும். பலரும் இன்னும் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி வடிவத்திலேயே கொடுத்து ரிட்டர்ன் வாங்குகிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற கட்சிக்காரர் நமக்கு நிறைய. வளைகுடாவிலிருந்து பவர் (அதிகாரப் பத்திரம்) வந்தால் இந்தியத் தூதரகச் சான்று இருக்கிறதா என்று பார்த்து, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வைக்க வேண்டும். நீரோடி முதல் கன்னியாகுமரி வரை கடலோரத்தில் வேறு மாதிரிக் கஷ்டம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் போன பலர் உடலாகக்கூடத் திரும்பவில்லை. காணாமல் போய் ஏழு வருடம் ஆனால்தான் இறந்ததாகச் சட்டம் ஊகிக்கும். அந்த ஏழு வருடத்தில் வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன், பிள்ளையின் வாரிசுச் சான்று எல்லாம் தொங்கும். அப்படி ஒரு வீட்டுக்காரி வந்தால் சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மூன்று வருடம் முடிந்ததும் நீங்களும் அந்தப் பேனலுக்கு விண்ணப்பியுங்கள்.

டைரி இரண்டு வேண்டும், ஒன்று ஆபீசில், ஒன்று கையில். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள பதினாறு எழுத்துச் சி.என்.ஆர். எண்ணைக் கட்டின் அட்டையிலேயே எழுதிவிட்டால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் முந்தின நாள் இரவே வாய்தாவைச் சரிபார்க்கலாம். ஒரே காலையில் நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் வழக்கு ஏற்காதீர்கள். பாலம் வந்தும் மார்த்தாண்டத்து நெரிசல் தீரவில்லை, எங்காவது ஒரு கோர்ட்டில் கூப்பிடும்போது நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள். கோர்ட் புறக்கணிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் ஜூனியர் நிற்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். குறைந்தது, முந்தின இரவு தெரிந்தவுடன் கட்சிக்காரருக்குப் போன் பண்ணுங்கள். பேச்சிப்பாறையிலிருந்து கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து கோர்ட் வாசலில் நிற்பவருக்கு, வந்த பிறகு "இன்னைக்கு இல்ல" என்று சொல்வது பெரிய பாவம்.

சரி, அந்த மூன்று ஆதாரங்களுக்கு வருவோம். நாளைக்கே அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு, எத்தனை தாள், எந்தத் தேதி, எத்தனை பக்கம் என்று எழுதி ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். மூலத்தை ஸ்கேன் பண்ணிக்கொண்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விசாரணையில் குறியிட வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம். கட்சிக்காரர் காகிதத்தைப் பீஸ் பாக்கிக்காகப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ல் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் நான் சொல்வது அதற்காக மட்டும் இல்லை. எண்பது வருடம் தகரப்பெட்டியில் பத்திரமாக இருந்த தாள் ஆபீஸ் அலமாரியில் ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்று போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஸ்கேனை வைத்துக்கொண்டு தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், நாலு எல்லை, இந்த நாலை மட்டும் ஒரு தாளில் எழுதப் பாருங்கள். மற்றது இப்போது வேண்டாம். ஒரு ஆதாரத்தின் கிழக்கு எல்லைக்காரர் பெயர் அடுத்த ஆதாரத்தில் எழுதிக் கொடுத்தவராக வருகிறதா என்று பாருங்கள், வந்தால் சங்கிலி பிடிபட்டுவிடும். எங்காவது எழுத்து புரியவில்லை என்றால், அந்தப் பெரியவரிடமும் உங்கள் சீனியரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை மதியத்துக்குமேல் தக்கலைக்கு எடுத்து வாருங்கள். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து படிப்போம்.